குழி வெட்ட மாட்டேன்

கப்வே நகரில் நடந்த பயிற்சிக்கு வந்த பிரசவ வார்டு நர்ஸுகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். எனக்கு வாய்த்தவள் தியாமிகே. அவள் ங்கோனி இனத்தவள், நான் பெம்பா. இரு கூட்டமும் ஒருவரையொருவர் கேலி பேசும் முறைக்காரர்கள். எவ்வளவு மட்டமாகக் கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும், அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் மற்றவர் கடமை.

“குரங்கு தின்னி, தள்ளி உக்காரு. வயித்தை வெச்சு ரெண்டு பேர் இடத்தைப் பிடிச்சிருக்கே,” என்றாள். எனக்கு எட்டாம் மாதம்.

“எலி தின்னிக்கு எதுக்குடி பெஞ்சு? பொந்து போதாதா?”

எச்.ஐ.வி. பரிசோதனை சொல்லிக்கொடுத்த அன்று, விருப்பமுள்ளவர்கள் ஒருவர் விரலில் ஒருவர் குத்திப் பழகலாம் என்றார் பயிற்சி நடத்திய சிஸ்டர். மூன்றாம் மாதம் பார்த்தபோது எனக்கு ஒன்றுமில்லை. அலட்சியமாக விரலை நீட்டினேன். ரத்தம் விடும் பட்டையில் ஒரு கோடு வந்தால் தொற்று இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. என் பிள்ளைக்கு வால் இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த தியாமிகே, பட்டையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“எல்லாரும் பட்டையைத் தூக்கிக் காட்டுங்க,” என்றார் சிஸ்டர். முடிவு ரகசியம்; அப்படிக் கேட்கவே கூடாது. அது அவருக்கே தோன்றவில்லை.

தியாமிகே பட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். “கெடுத்துட்டேன் சிஸ்டர். ரத்தம் அதிகமா விட்டுட்டேன்.”

“இத்தனை வருஷம் நர்ஸா இருந்து என்ன கிழிச்சே?”

எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவள், பட்டையைப் பொத்திய கையை இன்னும் இறுக்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்று காலையில்தான் படித்திருந்தோம். வயிற்றில் பிள்ளை உதைத்தது.

சாப்பாட்டு நேரத்தில், ன்ஷிமா என்ற சோளக்களி கிண்டும் கொட்டகைக்குப் பின்னால் என்னை இழுத்துப் போனாள்.

“கசொண்டே... நீங்க இப்ப எப்படி...” என் பெயரைச் சொல்லி, நோயாளியிடம் பேசப் பாடத்தில் சொன்னபடிதான் ஆரம்பித்தாள். பாடத்தை விட்டுவிட்டு என் தோள்களைப் பிடித்தாள்.

“இதோ பாருடி. நீ செத்தா நான்தான் குழி வெட்டணும். என்னால முடியாது. உன் குட்டிக்கும் வெட்ட மாட்டேன். இன்னிக்கே இன்னொரு தடவை பாத்துட்டு மாத்திரையை முழுங்கு. புருஷனையும் இழுத்துட்டு வா.”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். சிஸ்டரின் அறையில் வேறு கருவியில் பார்த்தோம்; அதே இரண்டு கோடு. சிஸ்டர் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்றே மாத்திரை தொடங்கினேன்.

மகளுக்குப் பால் மறக்கடித்து, ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. தியாமிகே தன் ஊரான சிபாட்டாவிலிருந்து பஸ் ஏறி வந்து தானே குத்தினாள். பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே கோடு.

“ஐயோ, இன்னொரு குரங்கு தின்னி தப்பிச்சிருச்சே!” கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கன்னம் நனைந்திருந்தது.

எங்கள் பெண்கள் நன்றி சொல்லும் முறைப்படி, முழங்கால் போட்டு, கைகளைக் குவித்து மெல்லத் தட்டினேன்.

“எந்திரிடி,” என்றாள். “ரெண்டு குழி மிச்சமாச்சுன்னு நான்தான்டி கை தட்டணும்.”