நேராக விழுந்த எண்கள்

…காபி ஆறிப்போயிருக்கும், வேறு ஊற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்கலாம், கேட்டால் அவன் என்ஜினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுப்பான், எடுத்தால் ஏதாவது கேட்பான், வேண்டாம், குனிந்தே கிடக்கட்டும். அர்லீன் கராஜ் வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரில் நேராகத் தொங்கிய ஸ்பானரை மறுபடி நேராக்கினாள். புருஷன் வெர்ன் மாட்டியது, அவன் செத்துப்போன பிறகு யாரும் கழற்றவில்லை. இந்த கர்ட், பழைய கார் கிளப் அனுப்பிய ஆள், நாற்பது வயசு இருக்குமா, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் காம்பில் ஒரு குட்டிக் கண்ணாடி. காரோடு பிறந்த என்ஜின்தான் என்று இவன் சொல்லிவிட்டால் இந்தப் பச்சைக் கார், கிளப்பின் கூடத்தில் நிற்கும், பக்கத்தில் வெர்ன் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. சொல்லாவிட்டால்… வெர்னே எத்தனை பேரை இப்படி ஒதுக்கியிருக்கிறான், கிளப்பின் நடுவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வேறு என்ஜினில் காரின் எண்ணைப் பொய்யாக அடித்தது என்று. இண்டியானாவிலிருந்து வந்த ஒருத்தன் எல்லார் முன்னாலும் அழுதேவிட்டான், வீட்டுக்கு வரும் வழியில் அவள் பாவம் என்றதற்கு, "அழட்டும், பொய் பொய்தானே" என்றான் வெர்ன், வண்டியை ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

டேல் வேறு, வெர்னின் தம்பி, காலையிலேயே டோனட் பெட்டியோடு வந்து ஃப்ரீசரில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், வாய் மூடவில்லை. "தம்பி, இப்படியே குனிஞ்சு கெடந்தா உன்னையும் சேர்த்துத்தான் கூடத்துல நிறுத்தணும்." உள்ளிருந்து கர்ட், "உங்கள நிறுத்திரலாம் சார், எல்லாம் ஒரிஜினல்தானே?" "எங்கப்பா, ரெண்டு முட்டியும் மாத்தினது, பல்லும் மாத்தினது, ஹார்ன் மட்டும்தான் பழசு." அவள் சிரித்தாள். இதுவரை எல்லாம் நல்லபடிதான். பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய் சரி, பின் அச்சு சரி, பச்சைக்குக் கீழே வேறு நிறம் இல்லை. ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மூடி, அதைப் பார்த்ததும் அவன் முகமே மலர்ந்துவிட்டது, "ரேடியோ வேணாம்னு எழுதிக்கொடுத்து வாங்கினவங்க ரொம்பக் கம்மிம்மா, ஏன் வேணாம்னீங்க?" ஏன் என்றால்… எடை குறைந்தால் வேகம் கூடும் என்று வெர்ன் சொன்னான், கல்யாணமான முதல் கோடையில் மிச்சிகன் ஏரி வரைக்கும் அவள்தான் பாடிக்கொண்டு வந்தாள், தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டு, அதுவும் தீர்ந்தது, அப்புறம் ரெண்டு பேரும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனார்கள், அதைவிட நல்ல பாட்டு உண்டா என்றான்…

இப்போது கர்ட் அங்கேதான் வந்துவிட்டான். என்ஜினின் முன்பக்கம், கைவிரல் நீளத்துக்கு ஒரு சமதளம், அதில்தான் காரின் எண். துணியால் துடைக்கிறான், டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறான், விலக்குகிறான், இன்னும் சாய்க்கிறான். எவ்வளவு நேரம் பார்ப்பாய், பையா? அவளுக்குத் தெரியும் அவன் எதைத் தேடுகிறான் என்று, அத்தனை வருஷம் நடுவர் பெண்டாட்டியாக இருந்தவளுக்குத் தெரியாதா, தொழிற்சாலை எந்திரம் அந்த இடத்தைச் சீவும்போது தலைமயிர் போல மெல்லிய கோடுகள் விழும், வரிசையாக, எண்ணைத் திரும்ப அடிக்கிறவன் பழையதைத் தேய்க்கும்போது அந்தக் கோடும் போய்விடும். போய்விட்டது. அவள்தானே டார்ச் பிடித்தாள். ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த கார் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த வாரம், பனி கொட்டிக்கொண்டிருந்தது, வேறு ஒரு நடுவர், சின்னப் பயல், நம் எண்ணைப் பார்த்துக் கோணல் என்றானாம், ஒரு எழுத்து ஆழமாக ஒரு எழுத்து மேலோட்டமாக, யாரோ கையால் அடித்தது என்றானாம், அவள் அப்போது அங்கே இல்லை, தின்பண்டக் கடையில் வரிசையில் நின்றாள், வெர்ன் வந்து சொன்னதுதான். "என் காரைப் பார்த்து! என் காரைப் பார்த்து சொல்றான் அர்லீன்!" பழையதை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடித்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அடி. "கையை ஆட்டாதடி, வெளிச்சம் ஓடுது." நிஜ எண்ணை அழித்துவிட்டு அதே எண்ணை அழகாக அடித்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான், மடையன், என் மடையன்…

"அம்மா." கர்ட் நிமிர்ந்துவிட்டான், துணியில் கை துடைக்கிறான், மெதுவாக, முடிந்த பிறகும். "என்ஜின் வார்ப்புல இருக்கிற தேதி காரோட பொருந்துது. ஆனா அந்த வாரம் வார்த்தது எத்தனையோ என்ஜின். நம்பர்தான்… தொழிற்சாலையில அவசரத்துல அடிப்பாங்க, கோணல்மாணலாத்தான் விழும், அதுதான் நிஜம். இது கல்லறைக் கல்லுல வெட்டினமாதிரி நேரா இருக்கு." சொன்னதும் அவனுக்கே உறைத்துவிட்டது, காது சிவந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா, வாயில வந்துருச்சு." பரவாயில்லப்பா என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். இந்த என்ஜினை எப்பவாவது மாத்தினீங்களா?"

இல்லை. நாக்கு நுனியில் நிற்கிறது, சத்தியமான இல்லை, ஆனால் அது மட்டும் போதாது, கூடவே மற்றதையும் சொல்லவேண்டும், தேய்த்தது வெர்ன், அடித்தது வெர்ன் என்று, அப்போது என்ஜின் நிஜமாகும், வெர்ன் பொய்யாகிவிடுவான், இண்டியானாக்காரன் காதுக்கும் போகும். சொல்லாவிட்டால் வெர்ன் தப்புவான், கார் போய்விடும். கார்தானே? அவன் இருந்திருந்தால் காரைத்தான் காப்பாற்று என்பான்… என்பானா? கோணல்தான் நிஜம் என்று இந்தப் பையனுக்குத் தெரிகிறதே, முப்பது வருஷம் மற்றவர்கள் என்ஜினைத் தடவிப் பார்த்தவனுக்குத் தெரியாதா? ஒரு சின்னப் பயல் சொன்னதற்காகவா ராவினான்? அந்தப் பயலின் பெயர் என்ன, வெர்ன் சொல்லவே இல்லையே, எல்லார் பெயரும் சொல்லித் திட்டுகிறவன்.

டேல், ஏதாவது சொல்லேன். காலையிலிருந்து மூடாத வாய், இப்போது தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அங்கே ஏதோ விழுந்துவிட்டது போல. வெர்ன் வியட்நாமிலிருந்த வருஷம் கார் டேலிடம்தான் இருந்தது. திரும்பி வந்த அன்று, பெட்டியைக்கூட இறக்காமல், சாவியைத் திருப்பினான், தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டான். "சத்தம் வேற மாதிரி இருக்கேடா." "குண்டுச் சத்தத்துல உன் காது போயிருச்சுண்ணா." எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான், வெர்னும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். அப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை, ஒரு தடவைகூட…

"அம்மா? எப்பவாவது?"

"அண்ணி," என்றான் டேல், தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு.

எண்ணைத் தேய்த்த அன்றைக்கு டார்ச் ஆடியது குளிரால் இல்லை. வெர்ன் அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல், ராவிக்கொண்டே, அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்து அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெளிச்சம் இரும்பில் இருந்தது, கண் அவன்மேல் இருந்தது. தேய்ப்பதற்கு முன்னால் அங்கே இருந்த எண் எது, இந்தக் காருடையதா, வேறொரு காருடையதா… அவள் பார்க்கவே இல்லை.