ஸ்டோக்கம் சாலையில் திறந்த பானெட்

பதினோரு வருஷமாகக் கிளிஃபோர்ட் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், அன்று காலை பதினான்கு மைல் தூரம் முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது. வினையே அதில்தான் வந்தது.

ஈஸ்டர் பண்டிகையன்றே அவர் மனைவி மாரீன் கறாராகச் சொல்லியிருந்தார். விருந்தினர் அறையில் எஞ்சினையும் குளியல் தொட்டியில் கியர் பெட்டியையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

"படகுக்காரங்களுக்குப் பணம் சேக்க, ஸ்டோக்கம் மைதானத்துல வருஷாவருஷம் பழைய காரெல்லாம் கூடுதே, இந்தத் தடவை இது தானா ஓடி அங்க போய்ச் சேரணும். சேரலைன்னா அன்னிக்கே எவன் தலையிலயாவது கட்டிடு."

கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் படகுக்கு நன்கொடை. கிளிஃபோர்டைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

மைதானத்துக்கு இன்னும் நான்கு மைல். மணி ஒன்பதேகால். பத்து மணிக்குத்தான் கதவு திறப்பார்கள். முதல் ஆளாகப் போய் நிற்பதைவிட அந்த ஊரில் வேறு அவமானம் கிடையாது. ஆசைப்பட்டு வந்ததாக நினைத்துவிடுவார்கள். எனவே கிளிஃபோர்ட் சாலையோரம் வண்டியை ஒதுக்கி, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டார். டீ குடிக்கும்போது எஞ்சினைக் கண்ணாரப் பார்க்கலாமே என்று பானெட்டைத் திறந்து வைத்தார். அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பானெட்டைத் திறந்துகொண்டு வழியில் ஒருவன் நின்றால், தாண்டிப் போகக்கூடாது.

முதலில் பாரி நிறுத்தினார். குழாய் ரிப்பேர்காரர், சிவப்பு கார். "என்னப்பா, மக்கர் பண்ணுதா?"

"இல்லப்பா. சும்மா டீ குடிக்கிறேன்."

பாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். நின்றுபோன வண்டிக்குச் சொந்தக்காரன் எவனும் வேறு மாதிரி சொன்னதில்லை. "புரியுதுப்பா," என்று ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டாவது தடவை மறுத்திருக்கலாம். ஆனால் உதவ வந்த மனுஷனிடம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வது முரட்டுத்தனம். "ரொம்ப நன்றிப்பா," என்றார் கிளிஃபோர்ட்.

பத்து மணிக்குள் அங்கே வந்து நின்றவை பதினாறு கார்கள். பதினாறு பேரும் ஆளுக்கொரு இடத்தில் கை வைத்தார்கள். கார்புரேட்டர் துண்டு துண்டாகக் கட்டம் போட்ட போர்வைமேல் கிடந்தது. கூடவே வந்திருந்த மாரீன் காரைவிட்டு இறங்காமல் சீட்டில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு, கூட்டத்தை நடத்தும் ஃபிலிப்பா அம்மாள் உண்டியல் வாளியோடு தேடி வந்துவிட்டார். மைதானத்தில் பாதிரியாரும் ஐஸ்கிரீம் வண்டியும்தானாம். வேடிக்கை பார்க்க வந்த ஜனமெல்லாம் கூடவே வந்து, சாலையோரம் நாற்காலியை விரித்துவிட்டது.

"பாவம் கிளிஃபோர்ட், வாசல் வரைக்கும் வந்து நின்னு போச்சா!" என்றார் ஃபிலிப்பா அம்மாள்.

"மனசைத் தேத்திக்கோப்பா," என்று பாரி தோளைத் தட்டினார். "எல்லாருக்கும் கை வராது. வித்துடு."

கிளிஃபோர்ட் சரியென்று தலையாட்டினார்.

மாரீன் பேனாவை மூடினார். கதவைத் திறந்து இறங்கினார்.

"கையை எடுங்க எல்லாரும்! பதினாலு மைல் நான் இதுல உக்காந்து வந்தேன். மேட்டுலகூட ஒரு தும்மல் போடலை. இவரு ஒண்டியா, ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது. இவரைக் கையாலாகாதவர்னு சொல்ல எனக்கு மட்டுந்தான் உரிமை. நீ யாருய்யா பாரி?"

எல்லோரும் வண்டியிலிருந்து கையை எடுத்தார்கள்.

"அப்போ ஓடுதுன்னு வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்று பாரி கிளிஃபோர்டைக் கேட்டார்.

"சொன்னேனே."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்பதைப் பதினாறு பேரும் ஒத்துக்கொண்டார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடி பூட்ட ஆரம்பித்தார்கள். மூன்று மணியாயிற்று. அதற்குள் மைதானத்தில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

கிளிஃபோர்ட் மெதுவாக மனைவியிடம் வந்தார். பதினோரு வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி மாரீன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டது இன்றைக்குத்தான். வண்டி கிளம்பியபோதுகூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

"மைதானத்துக்குப் போய்ச் சேரலையே, மாரீன். யாராவது வாங்கிக்கிறாங்களான்னு கேட்டுப் பாக்கட்டுமா?"

மாரீன் ஏற்கெனவே சீட்டில் ஏறித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வித்துட்டு? வீட்டுக்கு நடந்தா போறது?" என்றார். "ஏறு."