மூன்று நிமிடச் சாட்சி

ராஜபாளையம் பஸ் அன்றைக்கு ஏழு நாற்பதுக்குச் சரியாக வந்து நின்றபோது, இதைச் சாட்சியில் சேர்க்கலாமா என்று செல்லக்கனி யோசித்தாள். உட்கார இடமும் கிடைத்தது, அதுவும் ஜன்னலோரம். ஆனால் சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் எனக்கு ஜன்னல் சீட்டு தந்தார் என்றால் மம்சாபுரம் ஊரே சிரிக்கும்.

வருகிற ஞாயிறு பெண்கள் பண்டிகை. அன்றைக்கு ஆராதனையைப் பெண்களே நடத்துவார்கள். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருத்தி எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும், மூன்று நிமிடம். மாதர் சங்கத் தலைவி தங்கபாய் இந்த வருஷத்துக்குச் செல்லக்கனியின் பெயரை வாசித்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறவள். அவள் பேசி நாலு பேர் கேட்டது அவள் கல்யாணத்தில்கூட நடந்ததில்லை. நீலப் பூப்போட்ட சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தாயிற்று. லாரியில் கொல்லம் போயிருந்த கணவன் ஜோயலுக்குப் போனில் மூன்று தடவை சொல்லியாயிற்று. சொல்வதற்குச் சாட்சிதான் இல்லை.

போன வருஷம் சாட்சி சொன்னவள் நல்லபாம்பு கடித்துப் பிழைத்தவள். அதற்கு முந்தின வருஷத்துக்காரியின் மகன் மோட்டார் சைக்கிளோடு கிணற்றில் விழுந்து கீறல்கூட இல்லாமல் ஏறி வந்தவன். செல்லக்கனி வீட்டில் யாரும் எதிலும் விழவில்லை. பாம்பு வந்தாலும் வழி கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் போலிருந்தது. "ஆண்டவரே, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்று தினமும் ஜெபித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் அனுசியாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், தூக்கத்திலும் பேசுகிறவள், புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் பாயில் சுருண்டுவிட்டாள். தொட்டால் கை சுட்டது. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் ஒரு சிட்டிகை விபூதியோடு வந்து வாசலிலேயே தயங்கினாள்.

"ஒங்க சாமி கோவிச்சுக்கிட மாட்டாருல்லா?"

"காச்சல் போனாச் சரி மதினி. பூசுங்க."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். "டெங்கு இல்லம்மா. சாதாரணக் காய்ச்சல்தான். மாத்திரையக் குடுங்க, கஞ்சி குடுங்க."

செல்லக்கனிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டெங்குவாக இருந்து பிழைத்திருந்தால் சாட்சி எப்படி இருந்திருக்கும் என்று மனசு ஒரு எட்டு முன்னால் ஓடியது. ஓடிய மனசை அவளே பார்த்தும்விட்டாள். தோளில் கிடந்த பிள்ளையின் மூச்சு கழுத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. நானெல்லாம் பெற்றவளா? மாத்திரை வாங்கும் வரிசையில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பார்த்தவர்கள் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று வரிசையில் முன்னால் விட்டார்கள். அது இன்னும் வலித்தது.

சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க வந்த தங்கபாய் பழப்பையை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஏட்டி, இதையே சொல்லேன். டெங்கு, டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன? ஆண்டவருக்குத்தான மகிமை?"

"பாக்கேன்க்கா" என்றாள் செல்லக்கனி.

அனுசியா எதையும் தின்னவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். கையில் கொடுத்த பிஸ்கட் கையிலேயே நமுத்துப்போனது. மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது என்பது செல்லக்கனிக்கு மறந்தே போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எம்மா, பசிக்கிது."

துணியை அப்படியே போட்டாள். "என்னது?"

"பசிக்கிதுங்கேன்லா? சோறு போடு. முட்ட இருக்கா?"

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வேர்வை, உடம்பு ஜில்லென்று இருந்தது. முட்டை இல்லை. ஈரக்கையோடு தெருவில் இறங்கி, "மதினி, எம்மவளுக்குப் பசிக்கிதாம்! முட்ட கேக்கா!" என்று கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது. வெள்ளத்தாய் கைக்கு ஒன்றாக இரண்டு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

வெள்ளத்தாய் பிள்ளையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். சட்டியில் முட்டை விழுந்து சொய்யென்றது. அப்போது அடுப்பங்கரையில் தன்னோடு இன்னொருவர் நிற்பது செல்லக்கனிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

"இங்கதான் இருந்தீகளா ஆண்டவரே?" என்று கரண்டியோடு கேட்டாள். முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீலச்சேலையில் போய் மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் அனுசியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த தங்கபாய், சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

"எம்மவளுக்குக் காச்சல். டெங்கு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாக. எனக்குச் சப்புன்னு ஆயிட்டு. ஒங்ககிட்டச் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சேன்னு."

தங்கபாய் கண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"நேத்து மத்தியானம் அவ பசிக்கிதுன்னா. ரெண்டு முட்ட தின்னா. முட்டையப் பொரிக்கயில அவரு என் பக்கத்துல நின்னாரு. அம்புட்டுதான்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் விளங்கவில்லை. செல்லக்கனி மைக்கைக் கொடுக்கவும் மறந்து நின்றாள்.

அந்த அமைதியில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று சரசரத்தது. அனுசியா மடியில் வைத்து, பல்லால் கடித்து, கிழிக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தங்கபாய் சட்டென்று கையை நீட்டிப் பாக்கெட்டைப் பிடுங்கினாள். செல்லக்கனியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, பாக்கெட்டின் வாயைத் தானே நன்றாகக் கிழித்து, பிள்ளையின் மடியில் திரும்ப வைத்தாள்.

முதல் கடி மொறுக்கென்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.