வேண்டாம் என்று சொன்னவர்

இருட்டறையின் திரையில் கொழுந்தனின் இதயம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். முடிந்தால்தானே! எக்கோ எடுக்கும் பெண் அவன் விலாவில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி, இதயச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தாள்.

"போன வருசம் பதினஞ்சு மில்லிமீட்டர் தடிச்சிருந்துச்சு. இப்ப பதினொண்ணு. வீட்லயே ராத்திரி டயாலிசிஸ் பண்றீங்களா? அதான். விடிய விடிய மெதுவா ஓடுதுல்ல, இதயத்துக்குச் சுமை குறைஞ்சிருக்கு."

"பாத்தீங்களா அண்ணி! நாலு மில்லிமீட்டர் இளைச்சிட்டேன்," என்று கொழுந்தன் படுத்தவாக்கிலேயே பல்லைக் காட்டினான். "தொப்பைதான் ஒரு இஞ்சுகூடக் குறையல."

நாலு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று தையல்காரியான அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையலை அவ்வளவு தள்ளிப் போட்டால் இறுக்கிப் பிடித்த சட்டைக்குள் ஆள் மூச்சு விடலாம். சந்தோஷம் வந்தது, வரவில்லை என்றால் பொய். அதன் பின்னாலேயே இன்னோர் எண்ணும் வந்து நின்றது. பதினெட்டு. இதே கட்டிலில் இப்படியே ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் கணவரின் கணக்கு அது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வியாதி, அப்பா வழியாக வந்தது. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி. அண்ணனுக்கு முந்திக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய், நாலு மணி நேரம் நாற்காலியில் கிடந்து, பிழிந்த துணி மாதிரி வீட்டுக்கு வருவார். சனி ஞாயிறு மையம் கிடையாது. உடம்பில் தண்ணீர் ஏறும், இதயம் திணறும். ஒரு திங்கட்கிழமை காலை மையத்துக்குக் கிளம்பியவர், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதற்குக் குனிந்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் நர்ஸ் ஒருத்தி அவரையும் அவளையும் உட்காரவைத்துப் பேசியிருந்தாள். மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தூங்கும்போது எட்டு மணி நேரம் ஓடும், வாரம் ஐந்தாறு ராத்திரி, இதயத்துக்கு நல்லது, ஊசி குத்த வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டால் போதும். அவருக்கு முகமெல்லாம் ஆசை. வீட்டுக்கு வந்ததும் அவள்தான் சொன்னாள். "என்னால ஆகாதுங்க. துணியில குத்துறது வேற, உங்க கையில குத்துறது வேற. தூக்கத்துல குழாய் கழண்டு நீங்க ரத்தத்துல கிடந்தீங்கன்னா நான் செத்தே போயிருவேன்." அவர் மறுநாள் நர்ஸிடம், "எனக்கே வேணாம் சிஸ்டர், பக்கத்துல மெஷின் ஓடுனா எனக்குத் தூக்கம் வராது," என்று சொல்லிவிட்டார். தம்பியிடமும் அதையேதான் சொன்னார். சாகிறவரைக்கும் மாற்றிச் சொல்லவில்லை.

தம்பிக்கும் வியாதி முற்றியபோது அவளாகவே போய்ப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். அவர் படுத்திருந்த அறையிலேயே மெஷின் வந்து நின்றது. கல்யாணம் கட்டாமலே நாற்பதைத் தாண்டிய கொழுந்தனை வீட்டோடு வைத்துக்கொண்டாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அவளை அரித்தது வேறு. அண்ணன் தம்பி இருவருக்கும் கை ஒரே அச்சு. அதே சுருட்டை முடி, அதே வளைந்த சுண்டுவிரல். ஊசியோடு குனியும் ஒவ்வொரு நாளும் அது யார் கை என்று ஒரு நொடி குழம்பிப்போவாள். ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் குறுகுறுவென்று ஓடும். "இப்ப மட்டும் முடியுதா?" என்று காதோரம் அவர் கேட்பார். கோபமே இல்லாமல் கேட்பார். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கொழுந்தன் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். லிஃப்ட் மெக்கானிக், ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன், போன வருஷம் மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியவன். கதவருகே நின்று அவளுக்காகக் காத்திருந்தான்.

"அண்ணன நெனச்சாத்தான் ஆத்திரமா வருது அண்ணி. இதையே அவரும் பண்ணிருக்கலாம்ல? தூக்கம் வராதாம்! பிடிவாதம் பிடிச்ச மனுசன். இப்ப நல்லாத் தூங்கட்டும்."

இதை அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவளும் ஒவ்வொரு தடவையும் விழுங்கியிருக்கிறாள். இன்றைக்குத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"அவரு வேணாம்னு சொல்லல தம்பி. நான்தான் சொன்னேன். பயந்துட்டேன். என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிட்டாரு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பகல் முழுக்க அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜாக்கெட்கூட முடியவில்லை. இனி அண்ணி கையால் குத்திக்கொள்ள மாட்டேன் என்று அவன் மையத்துக்கே திரும்பிப் போய்விட்டால்? பதினொன்று பதினைந்தாகும், பதினெட்டாகும், அப்புறம் ஒரு திங்கட்கிழமை வரும். பாவி, எதற்கு வாயைத் திறந்தோம் என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனால் ஒன்று, அவரைப் பிடிவாதக்காரர் என்று இனி இந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது. அந்த மட்டும் நிம்மதி.

எட்டு மணிக்கு ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறந்திருந்தது. அவன் கையைக் கழுவி, துணி விரித்து, தயாராக உட்கார்ந்திருந்தான். வழக்கமாகச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டில் மாட்டியவர்கள் கதையை அளந்துகொண்டிருப்பான். பயிற்சியில் அவனுக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தடவைகூட ஊசியை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

"குடுங்க," என்று கையை நீட்டினான்.

"உங்களுக்குப் பழக்கமில்ல தம்பி."

"குடுங்க அண்ணி."

கொடுத்தாள். மூடியைக் கழற்றி ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரே குத்திக்கிட்டிருக்கலாம்ல? அவரு கைதானே அது. அவரும் பயந்தாருல்ல? உங்கள மட்டும் எதுக்குக் கேட்டாரு?" என்றான். கோபமா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. "நானும் அப்படித்தானே உங்ககிட்ட கைய நீட்டிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றாத கேள்வி.

ஊசி முனை தோலைத் தொட்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள அவள் கை தானாக எழுந்தது, ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றுவிட்டது. முனையின் கீழே தோல் குழிந்தது, இன்னும் கொஞ்சம் குழிந்தது, ஊசி இன்னும் உள்ளே இறங்கவில்லை.