மூலையை உரசிய கோடு

“மலையில மோதலையே, அப்புறம் எதுக்கு இந்தக் கூப்பாடு?” என்று மாடி வீட்டுக் கூடத்தில் கேப்டன் கத்திக்கொண்டிருந்தார். “மோதியிருந்தா இதைக் கேக்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க,” என்றாள் அந்த வீட்டுப் பெண். அவள் அவருக்குத் துணை விமானி; அடுத்த மாதம் மனைவியும் ஆக வேண்டியவள். துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன நான் படியிலேயே நின்றுவிட்டேன். துணி இன்னும் காயவில்லை என்பது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். வெளியே ஒரே மேகம், கருவிகளை நம்பித்தான் ஓட்டம். வகுத்துவைத்த வான்பாதையில் போனால், எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று வரைபடமே சொல்லிவிடும். கேப்டனுக்கோ சுற்றிப் போவது கௌரவக் குறைச்சல். நேர்வழி கேட்டு வாங்கிக்கொண்டார். நேர்வழியில் போகிறவர், வரைபடத்தில் தன் பாதைக்குக் கோடு போட்டு, அந்தக் கோடு தாண்டுகிற ஒவ்வொரு சதுரக் கட்டத்திலும் அச்சிட்ட உயரத்தைத் தானே பார்த்து, அதில் பெரியதற்கு மேல் பறக்க வேண்டும். ரேடார் எட்டாத இடம். கீழேயிருந்து யாரும் எச்சரிக்கப் போவதில்லை. கேப்டன் ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். கோடு அதன் மூலையைத்தான் உரசியது. இவள் சொல்லிப் பார்த்தாள், அவர் அசையவில்லை. ரேடியோவில் தானே பேசி, மேலே ஏற அனுமதி வாங்கிவிட்டாள். பேச்சு பதிவாகி, இப்போது கம்பெனி விளக்கம் கேட்கிறது.

“நான்தான் பயந்துட்டேன்னு கம்பெனிகிட்ட சொல்லிடு,” என்றார் கேப்டன். “உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“சொல்லலைன்னா?”

“என்னை நம்பாதவளைக் கட்டிக்கிட்டு நான் என்ன செய்ய?”

“சொல்லித் தொலையேன்டி,” என்றாள் பெண்ணின் அம்மா. “பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு. வாய்வார்த்தைதானே?”

பெண் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். “கோட்டு மேல விரலை வெச்சு இழுங்க.”

கேப்டன் இழுத்தார். ஓர் இடத்தில் விரல் தயங்கியது. அங்கே அச்சாகியிருந்த எண், அவர் பறந்த உயரத்தைவிடப் பெரியது.

“மூலைதானேம்மா,” என்று அம்மாதான் மாப்பிள்ளைக்காக வாதாடினாள்.

“அந்த மூலையிலதாம்மா மலை இருக்கு.”

கேப்டன் ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

கம்பெனிக்கு அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். பயம் என்ற சொல் அதில் இல்லை. கேப்டன் அந்த வருஷமே ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு விமானம் என்றாலே தலைசுற்றுமாம், பொருத்தம் அப்படி. இவள் வேறு ஊரில் நோயாளிகளை ஏற்றிப் போகும் விமானத்துக்கு மாறிவிட்டாள். அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள், பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு அவளிடமே போனாள். காலி இருக்கை ஒன்றில் மகளே ஏற்றிக்கொண்டு போனாளாம். வழிநெடுக மேகம். அம்மா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்த வெள்ளைக்குள் எதையோ தேடுகிறவள்போல் ஜன்னலில் முகத்தை ஒட்டியே வந்தாளாம். கண்ணாடியில் அவள் மூச்சு படிவதும் மறைவதுமாக இருந்ததாம்.