டிரம் வாசித்த ஆறு மாடிக் கட்டடம்

1
ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் டிரம் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மக்குக் கட்டடம் இல்லை, ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது.

இந்தக் கதை பிறந்ததே இப்படித்தான். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். என் மனைவியின் தம்பிக்குப் புரையேறியது. "மாமா, ரிட்டயர் ஆனா வாயும் கூடவே ரிட்டயர் ஆகணும்!" என்றான். கை கழுவிய ஈரத்தோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2
முதல் தொடக்கம்: "பொன்னிற மாலைப் பொழுதில், வீதியெங்கும் மக்கள் வெள்ளம்..."

(அடித்துவிட்டேன். எங்கள் பணிமனையின் வருடாந்திர ஊர்வலம் காலையில். வெள்ளமும் இல்லை, முழங்கால் அளவு கூட்டம்.)

நேராகவே சொல்கிறேன். பேருந்துப் பணிமனை பேண்டுக்கு அப்போது நான்தான் பயிற்சியாளன். எந்த டிரம் எங்கே அடிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று எழுதித் தந்தவனும் நானே. பிரேக் பழுதுபார்க்கும் மைத்துனன்தான் பெரிய டிரம். ஒரு வருடம் ஊர்வலத்தில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தை நெருங்கியதும் அவன் தாளம் தப்பியது. பின்வரிசை மொத்தமும் அவனோடு சேர்ந்து தடுமாறியது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் டிரம் வேறு தோளுக்குப் போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"சத்தியமா நான் தப்பு பண்ணல மாமா. முன்னாடி யாரோ அடிச்சாங்க, அதோட சேர்ந்துட்டேன்."

"யாரு, பேயா?"

அவன் டிரம்மைத் துடைத்துத் துடைத்துத் தோலே தேய்ந்துபோனது. (தேயவில்லை. துடைத்தது உண்மை.)

3
அடுத்த ஊர்வலத்துக்கு முன் அந்தத் தெருவில் நின்று கைதட்டினேன். சரியாகத் தாளத்தில் ஓர் அடி தள்ளி, கட்டடம் திருப்பித் தட்டியது. அட, திருடா!

சண்டை பிடிக்காமல் அதைப் பேண்டில் சேர்த்துக்கொண்டேன். தாளத்தையே மாற்றி எழுதினேன்: பெரிய டிரம் ஒரு 'தொம்' அடிக்கும், உடனே எல்லோரும் கையை நிறுத்த வேண்டும். அடுத்த அடி கட்டடத்தின் பங்கு.

"நான் சும்மா நிக்க, சுவர் வாசிக்குமா?"

"உன்னைவிட நல்லா வாசிக்கும் மாப்ளே. லீவும் கேக்காது."

4
ஊர்வலம். கட்டடம் நெருங்கியது. தொம்! எல்லாக் குச்சிகளும் அந்தரத்தில். என் இதயம் நின்றே

(இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம்.)

தொம்!

புறாக்கள்கூட இடதுகால், வலதுகால் போட்டு நடந்தன. (புறாவை நம்ப வேண்டாம். தொம்மை நம்புங்கள்.) பின்வரிசையில் ஒரு கால் பிசகவில்லை. மேலாளர் ஓடிவந்து மைத்துனன் முதுகில் தட்டினார்: "அந்த ரெண்டாவது அடி! என்ன பதமா அடிச்சேப்பா!"

அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். டிரம் அவன் தோளிலேயே தங்கியது. அன்று முதல் அந்த அடி தன்னுடையது என்றுதான் சாதிக்கிறான்.

5
முடிவுகள் இரண்டு. அ) கட்டடத்துக்குப் பதக்கம் மாட்டுகிறார்கள். ஆ) மைத்துனன்தான் அடித்தான், நான் புளுகன். பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்து, தாளை அவனிடம் நீட்டினேன்.

படித்தான். சிரிக்கவில்லை. இரண்டாவது முடிவின்மேல் விரலை வைத்தான்.

"இதை அடிச்சுடுங்க மாமா."

"ஏன்?"

சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. என் குச்சி மேலேயேதான் இருந்துச்சு. சுவர்தான் அடிச்சுது."