நாற்பத்தோராவது சோதனை

அன்று காலை ஆறரைக்கு ஆனையூர் மாடி அலுவலகத்தில் இருந்தவர்கள்: முதலாளி துளசிராம். சோதனைகளை எழுதும் ஹம்சவேணி. நான், காளை, இஞ்சினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன், இரவில் நிரல்களைச் சேர்த்து ஓட்டும் பில்ட் வேலையைப் பார்த்துக்கொள்பவன். மருத்துவமனையிலிருந்து சிடி வாங்க வந்த முத்துக்குமரன் கீழே டீக்கடையில் இருந்தார்.

2006. நாங்கள் செய்தது மருத்துவமனை மென்பொருள். புது நிரல் சேர்ந்ததும் கம்ப்யூட்டரே பொய் நோயாளிகளைச் சேர்த்து, மருந்து எழுதி, வார்டுக்கு அனுப்பிப் பார்க்கும். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். ஒன்று தவறினாலும் சிடி அடிக்காது.

நாற்பத்தோராவது தவறியிருந்தது. பே. நல்லகாமன் என்று இரண்டு நோயாளிகள்; இருவரும் பிறந்தது 1-6-1948. மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு அதில் அழிந்துபோனது.

துளசிராம் ஹம்சவேணியை, எனக்குப் புரியாத அவர்கள் இருவரின் வீட்டு மொழியில் திட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த நாளு. எங்கயாச்சும் இருப்பானாடா?"

"எங்க ஊர்லயே மூணு பேரு இருக்காய்ங்கண்ணே. சாமி பேரு. தேதி, பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வாத்தியாரு போட்டது."

"எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணா?"

"அன்னைக்குத்தான பள்ளிக்கூடம் தொறக்கும்."

சிரித்தார். ஹம்சவேணி சிரிக்கவில்லை.

"ரெண்டு நாள் குடுங்கண்ணா, சரி பண்ணிடலாம்."

"பத்து மணிக்கு ஆஸ்பத்திரில தொறப்பு விழா. காளை, அந்த ஒண்ண மட்டும் நிறுத்திட்டு ஓட்டு."

நான் அசையவில்லை.

"டிகிரி இல்லாதவன எவன்டா வேலைக்கு வைப்பான்?"

யாரும் வைக்கமாட்டார்கள். ஏழு இடத்தில் கேட்டுப் பார்த்தவன் நான். அந்தச் சோதனையை ஓட்டும் வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டேன். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போகும். இருபது நிமிடத்தில் திரை பச்சையானது. 211க்கு 211. ஒன்று குறைகிறது என்று அது சொல்லாது.

முத்துக்குமரன் மேலே வந்தார். சிடியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைத்தான் கேட்டார்.

"எல்லாம் பாஸ்தான மாப்ள?"

"பாஸ்."

"பொய்," என்றாள் ஹம்சவேணி. "ஒண்ண ஓட்டவே இல்ல. ஆள் மாத்தி ஊசி போட்டுருவாங்க."

முத்துக்குமரன் துளசிராமைப் பார்த்தார். "சின்னப் புள்ள, எல்லாத்துக்கும் பயப்படும்," என்றார் துளசிராம்.

"நீங்க என்னமோ பண்ணுங்க. அங்க ரிப்பன் கட்டியாச்சு. பெரிய டாக்டரு கத்தரிக்கோலோட நிப்பாரு. நான் வாரேன்." சிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.

ஹம்சவேணி பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் துளசிராம்.

"பெரிய டாக்டர்கிட்ட."

"போனா அப்பிடியே போயிரு."

அவள் என்னைப் பார்த்தாள். சோதனை தவறியதை அச்செடுத்த தாள் என் மேசையில் கிடந்தது. அதை அவள் பக்கம் தள்ளினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"பூட்டுடா. இனி அவ உள்ள வரக் கூடாது," என்றார் துளசிராம்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு சுற்று திருப்பினேன்.